‘டிஜிட்டல் இன்டகிரேட்டட் சர்க்யூட்ஸ்’ நூலில் குறுக்குப்பேச்சு: ஒரு திறனாய்வு

‘டிஜிட்டல் இன்டகிரேட்டட் சர்க்யூட்ஸ்: எ டிசைன் பெர்ஸ்பெக்டிவ்’ என்பது இலக்கமுறைச் சில்லு வடிவமைப்பைக் கற்பிக்கும் பாடநூல். இதன் முதற்பதிப்பை 1996இல் யான் ரபாயி தனியாக எழுதினார். 2003இல் வந்த இரண்டாம் பதிப்பில் அனந்தா சந்திரகாசன், போரிவோயே நிக்கோலிச் ஆகிய இருவரும் இணைந்தனர். ரபாயியும் நிக்கோலிச்சும் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர். குறைந்த மின்திறனில் இயங்கும் சிமாஸ் சுற்றுகள் பற்றி 1992இல் வெளியான ஆய்வுக்கட்டுரையால் அறியப்பட்டு, பின்னர் எம்.ஐ.டி.யின் பொறியியல் புலத் தலைவரானார்.

தமிழ்நாட்டின் மின்னணுப் பொறியியல் மாணவர்களுக்கு இந்த நூல் ‘ரபாயி’ என்ற ஒற்றைப் பெயரால் அறிமுகம். சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, தண்டலம் வரை நீளும் பகுதியில் பொறியியல் கல்லூரிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஆவடியில் வேல் டெக், பூந்தமல்லியை அடுத்துப் பனிமலர், தண்டலத்தில் சவீதா, ராஜலட்சுமி என இந்தப் பட்டியல் நீளும். சில்லு வடிவமைப்பில் வேலை தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் இங்கிருந்து வெளியேறுகின்றனர். அவர்கள் நேர்காணலில் எதிர்கொள்ளும் வழக்கமான கேள்விகளுள் ஒன்று, கிராஸ்டாக் எனப்படும் குறுக்குப்பேச்சு. அந்தப் பொருளை இந்த நூல் எப்படிக் கையாள்கிறது, எங்கே உதவுகிறது, எங்கே வாசகரைப் பாதியில் விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறுக்குப்பேச்சு என்பது என்ன

இந்தச் சொல் சில்லுகளுக்கு முன்பே தொலைபேசித் துறையில் பிறந்தது. ஒரு வீட்டில் ரிசீவரை எடுத்தால் வேறு யாரோ இருவர் பேசுவது கேட்கும். ‘கிராஸ் டாக் வருது’ என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அருகருகே நெடுந்தூரம் ஓடும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் மின்மாற்றம் மற்றொன்றில் ஏறிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் இந்தத் தொல்லை குறையும் என்பதற்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார்.

சில்லுக்குள்ளும் இதே இயற்பியல்தான் செயல்படுகிறது. இரண்டு உலோகக் கம்பிகளுக்கு நடுவே மின்கடத்தாப் பொருள் இருந்தால் அங்கே ஒரு மின்தேக்கி தானாக உருவாகிவிடுகிறது. அதை யாரும் வரைவதில்லை. ஒரு கம்பியின் மின்னழுத்தம் திடீரென மாறும்போது அந்த மின்தேக்கி வழியாக அண்டைக் கம்பியிலும் சிறிது மின்னூட்டம் பாய்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் பக்கத்து வீட்டு ஆட்டுக்கல் ஓசை பொதுச்சுவர் வழியாக வருவது போன்றது இது. மாறும் கம்பியைத் தாக்கும் கம்பி என்றும், அதிர்வைப் பெறும் கம்பியைத் தாங்கும் கம்பி என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது.

விளைவுகள் இரண்டு. தாங்கும் கம்பி அசையாமல் இருக்கவேண்டிய நேரத்தில் அதில் ஒரு சிறு மின்னழுத்த மேடு தோன்றுவது முதல் விளைவு. இது இரைச்சல். தாங்கும் கம்பியும் அதே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தால், அந்த மாற்றம் தாமதமாவதோ முந்திவிடுவதோ இரண்டாவது விளைவு. இது நேரப்பிழை.

கம்பிகள் குறுகக் குறுக இந்தத் தொல்லை ஏன் வளர்கிறது என்பதும் எளிதில் விளங்கும். கம்பியின் அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் பாதியாக்கினால் ஒரு மைக்ரோமீட்டர் நீளத்துக்கான மின்தடை நான்கு மடங்காகும். அதைத் தவிர்க்க, அகலத்தைக் குறைத்தாலும் உயரத்தை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. இதனால் கம்பிகள் தட்டையான பட்டை வடிவத்தை இழந்து, நெருக்கமாக நிற்கும் சுவர்களைப் போல ஆகின்றன. அடிப்பக்கம் தரையைப் பார்க்கும் பரப்பு சுருங்கி, பக்கவாட்டில் அண்டைக் கம்பியைப் பார்க்கும் பரப்பின் பங்கு கூடுகிறது.

கம்பியைப் பிரித்த இரண்டு அத்தியாயங்கள்

இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு அத்தியாயங்கள் உள்ளன. நான்காம் அத்தியாயம் ‘தி வயர்’. கம்பியின் மின்தேக்குத்திறன், மின்தடை, மின்தூண்டல், அவற்றைக் கணக்கிடுவதற்கான மாதிரிகள் ஆகியவை இதில் இடம்பெறுகின்றன. ஒன்பதாம் அத்தியாயம் ‘கோப்பிங் வித் இன்டர்கனெக்ட்’. அந்த மூன்று பண்புகளும் சுற்றுக்கு விளைவிக்கும் தொல்லைகளும், அவற்றைச் சமாளிக்கும் வழிகளும் இதில் வருகின்றன. குறுக்குப்பேச்சு முறையாக விவாதிக்கப்படுவது இங்கேதான். இடையில் இன்வெர்ட்டர், கூட்டுத் தருக்கச் சுற்றுகள், தொடர் தருக்கச் சுற்றுகள், செயலாக்க உத்திகள் என நான்கு அத்தியாயங்கள் உள்ளன.

இந்தப் பகுப்புக்குக் காரணம் உண்டு. தாங்கும் கம்பியை எந்தச் சுற்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் இரைச்சலின் விளைவைப் பேச முடியாது. இன்வெர்ட்டரும் டைனமிக் தருக்கமும் அறிமுகமான பிறகே அந்தப் பேச்சு பொருள்படும். முதலில் கருவி, பிறகு கம்பி, பிறகு சுற்று, கடைசியில் அவை மோதும் இடம் என்று நூலாசிரியர்கள் அடுக்கியிருப்பது தருக்கரீதியாகச் சரியானது.

ஆனால் பாடநூலை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்கும் மாணவர் மிகச் சிலரே. நான்காம் அத்தியாயத்தை மட்டும் படித்து நிறுத்துபவருக்குக் கம்பி என்பது தனியாக நிற்கும் ஒரு பொருளாகவே மனத்தில் பதிகிறது. அதற்கு ஒரு மின்தடை, தரையை நோக்கி ஒரு மின்தேக்குத்திறன், இரண்டையும் பெருக்கினால் தாமதம். அண்டைக் கம்பி ஒரு துணைச்செய்தியாகப் பின்தங்கிவிடுகிறது. நூலின் எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்றே இதைத் தெளிவாகக் காட்டும்.

நூலின் கணக்கை நூலைக்கொண்டே சோதித்தல்

நான்காம் அத்தியாயம் முழுவதும் ஒரு கம்பி திரும்பத் திரும்ப வருகிறது. 0.25 மைக்ரோமீட்டர் சிமாஸ் செய்முறையின் முதல் அலுமினிய அடுக்கில், 10 சென்டிமீட்டர் நீளமும் 1 மைக்ரோமீட்டர் அகலமும் கொண்ட கம்பி அது. அதன் அடிப்பரப்பு மின்தேக்குத்திறன் 3 பிகோபாரட். விளிம்புப் புலத்தால் வருவது 8 பிகோபாரட். தரையை நோக்கிய மொத்தம் 11 பிகோபாரட். பக்கத்தில் இன்னொரு கம்பியை மிகக் குறைந்த இடைவெளியில் ஓட்டினால் இரண்டுக்கும் இடையே 9.5 பிகோபாரட் உருவாகும் என்றும் நூல் கணக்கிடுகிறது. தரைக்கான மொத்தத்துக்கு ஏறக்குறைய இணையான அளவு இது என்பதை நூலே சுட்டுகிறது.

அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில் அதே கம்பியின் தாமதம் கணக்கிடப்படுகிறது. மின்தடை 7.5 கிலோ ஓம். பரவிய மின்தடை–மின்தேக்கக் கம்பிக்கான 0.38 என்ற கெழுவைப் பயன்படுத்தினால் தாமதம் சுமார் 31.4 நானோநொடி. இந்தக் கணக்கில் 11 பிகோபாரட் மட்டுமே நுழைகிறது. சில பக்கங்களுக்கு முன் கண்டறிந்த 9.5 பிகோபாரட் இங்கே இல்லை.

அதைச் சேர்த்துப் பார்ப்பது கடினமன்று. அண்டைக் கம்பி ஒன்று மட்டும் இருந்து, அது அசையாமல் நின்றால் மொத்தம் 20.5 பிகோபாரட், தாமதம் சுமார் 58 நானோநொடி. அந்த அண்டைக் கம்பி எதிர்த்திசையில் மாறினால், இடை மின்தேக்கியின் இரு முனைகளும் எதிரெதிராக நகர்வதால் அது இருமடங்கு போலத் தோன்றும். மொத்தம் 30 பிகோபாரட். தாமதம் சுமார் 86 நானோநொடி. இருபுறமும் அண்டைக் கம்பிகள் இருந்து, இரண்டும் எதிர்த்திசையில் மாறினால் மொத்தம் 49 பிகோபாரட். தாமதம் சுமார் 140 நானோநொடி. எல்லாக் கம்பிகளும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் மாறினால் மட்டுமே நூல் தரும் 31.4 நானோநொடி கிடைக்கும்.

இவை மேல்மட்ட மதிப்பீடுகள் என்பதையும் குறிப்பிட வேண்டும். அண்டைக் கம்பி நெருங்கி வரும்போது, முன்பு தரைக்குச் சென்ற விளிம்புப் புலத்தின் ஒரு பகுதி அதன் பக்கம் திரும்பிவிடும். எனவே இரண்டு எண்களையும் முழுமையாகக் கூட்டுவது சற்று மிகை. ஆனாலும் செய்தி மாறாது. ஒரே கம்பியின் தாமதம், அண்டையில் யார் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து நான்கு மடங்குக்கு மேல் மாறக்கூடும். 31.4 என்ற ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்யும் மாணவர், தாமதம் என்பது கம்பியின் சொந்தக் குணம் என்றே நம்பிவிடுவார்.

ஒன்பதாம் அத்தியாயம் இந்த இடைவெளியை நிரப்புகிறது என்பதை மறுக்க முடியாது. இருபுறமும் அண்டைக் கம்பிகள் உள்ள ஒரு தடத்தில், மூன்று கம்பிகளும் எந்தத் திசையில் மாறுகின்றன என்பதைப் பொறுத்துத் தாமதம் பெருகும் விகிதத்தை அது அட்டவணையாகத் தருகிறது. இடை மின்தேக்குத்திறனும் தரை மின்தேக்குத்திறனும் சமமாக இருந்தால் விகிதம் 1 முதல் 5 வரை செல்கிறது. நூலின் மிகப் பயனுள்ள அட்டவணைகளுள் இது ஒன்று. குறை என்னவெனில், அட்டவணை வந்த பிறகும் வாசகர் நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பிச் சென்று பழைய எண்ணைத் திருத்திக்கொள்ளுமாறு நூல் கேட்கவில்லை.

எடுத்துக்காட்டின் நீளமும் விவாதத்துக்கு உரியது. பெரிய சில்லு ஒன்றின் பக்கமே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 10 சென்டிமீட்டர் கம்பி என்பது எண்களை எளிதாக்க எடுத்துக்கொண்ட கற்பனை. கணக்கு போடுவதற்கு அது வசதி. ஆனால் நானோநொடிக் கணக்கில் வரும் விடை, இன்றைய சில்லில் ஒரு கடிகாரச் சுழற்சியே ஒரு நானோநொடிக்கும் குறைவு என்பதை மறக்கச் செய்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கம்பியை எடுத்துக்கொண்டால் தாமதம் நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்து பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்போது கம்பியை இயக்கும் கேட்டின் வலிமையே முதன்மையாகும். அந்த மாற்றத்தை உணர்த்த இரண்டாவது எடுத்துக்காட்டு ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிதக்கும் கணுவும் இன்றைய சில்லும்

இரைச்சலை விளக்க ஒன்பதாம் அத்தியாயம் முதலில் எடுத்துக்கொள்வது டைனமிக் சுற்று. அதில் ஒரு கணுவை எந்த டிரான்சிஸ்டரும் பிடித்திருக்காது. சேமித்த மின்னூட்டம் மட்டுமே அதன் மதிப்பைக் காக்கும். இப்படி மிதக்கும் கணுவில் தோன்றும் மின்னழுத்த மேட்டை, இடை மின்தேக்குத்திறனுக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது. மேற்கண்ட கம்பியையே எடுத்துக்கொண்டால் 9.5ஐ 20.5ஆல் வகுக்க 46 விழுக்காடு. 2.5 வோல்ட் சுற்றில் அது 1.16 வோல்ட். இருபுறமும் தாக்கும் கம்பிகள் இருந்தால் 1.58 வோல்ட். இன்வெர்ட்டர் தன் விடையை மாற்றும் 1.25 வோல்ட் எல்லையை அது தாண்டிவிடும். சேமித்த மின்னூட்டம் கெட்டுப்போனால் மீட்க வழியில்லை. பிழை நிலைத்துவிடும்.

இயற்பியலைக் கற்பிக்க இது சிறந்த தொடக்கம். 2003இல் அதிவேகச் செயலிகளில் டைனமிக் தருக்கம் பரவலாக இருந்ததால் அந்தத் தேர்வும் பொருத்தமே. இன்று நிலை வேறு. கல்லூரி ஆய்வகத்திலும் தொழில்துறையிலும் மென்பொருளால் தொகுக்கப்படும் சுற்றுகளில் பெரும்பாலானவை நிலைச் சிமாஸ் கேட்டுகளால் ஆனவை. அங்கே தாங்கும் கம்பியை எப்போதும் ஒரு டிரான்சிஸ்டர் மேலேயோ கீழேயோ பிடித்திருக்கிறது. மேடு எழும்பினாலும் சற்று நேரத்தில் வடிந்துவிடும். அது ஒரு லாட்ச்சின் நுழைவிலோ கடிகாரக் கம்பியிலோ ரீசெட் கம்பியிலோ நிகழ்ந்தால்தான் நிலையான தவறாகும். ஆனால் நேரப்பிழை எல்லாக் கம்பிகளையும் தொடுகிறது. இன்றைய மாணவருக்கு முதலில் தேவைப்படுவது இரண்டாவது விளைவு. நூல் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறது.

அந்த இரண்டாம் இடத்திலும் ஒரு பாதிதான் உரக்கச் சொல்லப்படுகிறது. அட்டவணையில் 5 என்ற எண்ணைக் கண்டதும் மாணவர் அஞ்சுகிறார். 1 என்ற எண்ணைக் கண்டு நிம்மதி அடைகிறார். உண்மையில் இரண்டும் ஆபத்தே. சிக்னல் தாமதமானால் கடிகாரத்தின் வேகத்தைக் குறைத்துச் சில்லை ஓட்டிவிடலாம். எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பின் பழைய மதிப்பை அழித்துவிட்டால், அது ஹோல்டு பிழை. கடிகாரத்தை எவ்வளவு மெதுவாக்கினாலும் அது தீராது. அந்தச் சில்லு பயனற்றுப்போகும். அண்டைக் கம்பிகள் ஒரே திசையில் மாறும் ‘நல்ல’ நிலையே ஹோல்டு பிழைக்கு மிக மோசமான நிலை என்பதை ஆசிரியர் வகுப்பில் தனியே எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

தீர்வுகளின் பட்டியல்

குறுக்குப்பேச்சைக் குறைக்க நூல் தரும் அறிவுரைகள் இன்றும் செல்லுபடியாகின்றன. மிதக்கும் கணுக்களைத் தவிர்த்தல், உணர்வு மிகுந்த கம்பிகளை முழு வீச்சில் மாறும் கம்பிகளிலிருந்து விலக்குதல், மாற்றத்தை நேரக்கெடு அனுமதிக்கும் அளவுக்கு மெதுவாக்குதல், அடுத்தடுத்த அடுக்குகளில் கம்பிகளைச் செங்குத்தாக ஓட்டுதல், நடுவே மின்வழங்கல் கம்பியையோ தரைக்கம்பியையோ காப்பாக நிறுத்துதல், ஒரு சிக்னலை இணைக்கம்பிகளில் எதிரெதிராக அனுப்புதல் ஆகியவை முதன்மையானவை.

பட்டியல் சரியானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை எடைபோடுவதே வடிவமைப்பு. ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவே ஒரு காப்புக் கம்பியை வைத்தால் இருக்கும் தடங்களில் பாதி போய்விடும். அதனால் கடிகாரம் போன்ற சில முக்கியக் கம்பிகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை கிடைக்கும். தாக்கும் கம்பியின் இயக்கியைப் பலவீனமாக்கினால் இரைச்சல் குறையும். ஆனால் வேறொருவர் தாக்கும்போது அதே கம்பி தாங்கும் கம்பியாகிப் பலவீனமாக நிற்கும். தாக்குவதும் தாங்குவதும் நிலையான வேடங்கள் அல்ல. நூலின் பட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்த முரண் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு தவறான புரிதலும் பரவலாக உள்ளது. சிலிக்கான் டை-ஆக்சைடின் மின்காப்பு மாறிலி 3.9. அதைவிடக் குறைந்த மாறிலி கொண்ட பொருளை நிரப்பினால் குறுக்குப்பேச்சு தீர்ந்துவிடும் என்று பலர் விடை எழுதுகின்றனர். சுற்றிலும் ஒரே பொருளை மாற்றினால் இடை மின்தேக்குத்திறனும் தரை மின்தேக்குத்திறனும் ஒரே விகிதத்தில் குறையும். தாமதம் நிச்சயம் குறையும். ஆனால் மிதக்கும் கணுவின் மேட்டைத் தீர்மானிக்கும் விகிதம் அப்படியே இருக்கும். செம்பின் பங்கு வேறு வகையானது. 1997இல் ஐ.பி.எம். அறிவித்த செம்புக் கம்பிகள் அலுமினியத்தைவிடக் குறைந்த மின்தடை கொண்டவை. அதே மின்தடைக்கு உயரம் குறைந்த கம்பி போதும் என்பதால், பக்கவாட்டுப் பரப்பைக் குறைக்க அவை வழிவிட்டன. இரண்டு மாற்றங்களும் ஒரே மூச்சில் சொல்லப்படும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

வெஸ்ட்–ஹாரிஸ் நூலுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் ரபாயிக்குப் போட்டியாக நிற்பது நீல் வெஸ்ட், டேவிட் ஹாரிஸ் எழுதிய ‘சிமாஸ் வி.எல்.எஸ்.ஐ. டிசைன்’. இதன் நான்காம் பதிப்பில் இணைப்புக் கம்பிக்கென ஆறாம் அத்தியாயம் தனியாக உள்ளது. கம்பியின் பண்பும், தாமதமும், குறுக்குப்பேச்சும், தீர்வுகளும் அங்கே ஒரே கூரையின்கீழ் வருகின்றன. ஒரே வாரத்தில் படித்து முடிக்க இது வசதியானது.

இரைச்சலுக்கு வெஸ்ட்–ஹாரிஸ் தரும் சூத்திரமும் ஒரு படி முன்னே செல்கிறது. மின்தேக்கிகளின் விகிதத்தோடு, தாக்கும் கம்பியின் காலமாறிலியைத் தாங்கும் கம்பியின் காலமாறிலியால் வகுத்த ஒரு எண்ணையும் அது சேர்த்துக்கொள்கிறது. அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டி, விகிதத்தை அதனால் வகுக்கவேண்டும். இரண்டு கம்பிகளும் சம வலிமையுடன் இயக்கப்பட்டால் எண் 1, இரைச்சல் பாதியாகும். மேற்கண்ட 1.16 வோல்ட் 0.58 வோல்டாக இறங்கும். தாக்கும் கம்பியின் காலமாறிலி மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் 0.29 வோல்ட். மிதக்கும் கணுவுக்கும் பிடிக்கப்பட்ட கணுவுக்கும் உள்ள தூரத்தை ஒரே வரிச் சூத்திரம் காட்டிவிடுகிறது.

அதே நூலின் எளிமை இன்னொரு பொறியையும் வைக்கிறது. அண்டைக் கம்பி ஒரே திசையில் மாறினால் 0, அசையாவிட்டால் 1, எதிர்த்திசையில் மாறினால் 2 என்ற மில்லர் காரணி நினைவில் வைக்க மிக எளிது. எளிது என்பதாலேயே அது இயற்கை விதி போலப் பதிந்துவிடுகிறது. அது இரண்டு கம்பிகளும் ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் மாறும் என்ற எடுகோளின் மீது நிற்கிறது. தாக்கும் கம்பி தாங்கும் கம்பியைவிட மிக வேகமாக மாறினால் இந்த எல்லை உடைகிறது. ஆண்ட்ரூ காங் உள்ளிட்டோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் காரணி −1 முதல் 3 வரை செல்லக்கூடும் என்று காட்டியது. இந்தக் கட்டுரையில் முன்பு கணக்கிட்ட 140 நானோநொடியும்கூட 2 என்ற எண்ணை நம்பியே பெறப்பட்டது.

எது சிறந்த நூல் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ரபாயி ஏன் என்று விளக்குவதில் வலியது. வெஸ்ட்–ஹாரிஸ் எவ்வளவு என்று சொல்வதில் வலியது. முதலில் வெஸ்ட்–ஹாரிஸின் ஆறாம் அத்தியாயத்தைப் படித்து, பிறகு ரபாயியின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வருவது பயனுள்ள வரிசை.

பாடத்திட்டம் எங்கே வெட்டுகிறது

நூலின் அமைப்பில் உள்ள பிளவு, பாடத்திட்டத்தில் பள்ளமாகிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ‘வி.எல்.எஸ்.ஐ. அண்ட் சிப் டிசைன்’ என்ற பாடம் உள்ளது. அதன் நான்காம் அலகு இணைப்புக் கம்பியில் தொடங்குகிறது. மின்தேக்குத்திறன், மின்தடை, மின்தூண்டல், கம்பிக்கான மின்மாதிரிகள் என்று ரபாயியின் நான்காம் அத்தியாயத் தலைப்புகளே அங்கே வரிசையாக வருகின்றன. அடுத்து கூட்டிகள், பெருக்கிகள், நினைவகம் என்று அலகு நகர்ந்துவிடுகிறது. குறுக்குப்பேச்சு அங்கே தனித் தலைப்பாக இல்லை. ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் தாண்டப்படுகிறது.

தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தமக்கெனப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளலாம் என்பதால் எல்லா வகுப்பறைகளுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. ஆனால் பல்கலைக்கழகத் திட்டத்தைப் பின்பற்றும் மாணவர் 31.4 நானோநொடி வரை வந்து நின்றுவிடுகிறார். குறுக்குப்பேச்சு என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுத அவருக்கு அது போதும். ஆனால் பக்கத்தில் கம்பி இருப்பதால் இந்தப் பாதை ஏன் தோற்றது என்று கேட்கும் நேர்காணலுக்கு அது போதாது.

பாதிப்பு வேலைவாய்ப்போடு முடிவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும், போர் வாகன ஆய்வு நிறுவனமும், பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் மின்னணு ஆலைகளும் இந்தப் பகுதியின் உற்பத்தி மரபு. மின்சுற்றுப் பலகையில் அருகருகே ஓடும் தாமிரத் தடங்களுக்கும் இதே இயற்பியல் பொருந்தும். அங்கே மின்தூண்டலின் பங்கும் சேர்ந்துகொள்ளும். அண்டைக் கம்பியைப் பார்க்கப் பழகிய கண், சில்லு, பலகை, கேபிள் ஆகிய மூன்றிலும் வேலை செய்யும்.

180 நானோமீட்டரின் பயன்

0.25 மைக்ரோமீட்டர், அதாவது 250 நானோமீட்டர் எண்களை வைத்து எழுதப்பட்ட நூல் இன்று பழையது என்று ஒதுக்குவோர் உண்டு. இந்தியச் சூழலில் அந்த வாதம் முழுமையாக நிற்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிக் குடும்பத்தைச் சேர்ந்த சில்லுகள் 2018இல் இரண்டு இடங்களில் தயாராயின. ஒன்று இன்டெலின் 22 நானோமீட்டர் ஃபின்ஃபெட் ஆலை. மற்றொன்று மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டர் ஆலை. 2020இல் அறிவிக்கப்பட்ட மௌஷிக் சில்லும் மொகாலியிலேயே உருவானது. உள்நாட்டு ஆலையில் தன் சில்லைத் தயாரிக்க வாய்ப்புப் பெறும் மாணவரின் கம்பிகள், ரபாயியின் அட்டவணைக்கு வெகு தொலைவில் இல்லை.

கையில் சில்லு இல்லாதவர்க்கும் வழி உண்டு. 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் செய்முறையின் வடிவமைப்புக் கோப்புகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டன. ஓப்பன்ரோடு போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அதில் கம்பிகளை ஓட்டி, கம்பிகளுக்கு இடையேயான மின்தேக்குத்திறனைப் பிரித்தெடுத்து ஸ்பெஃப் கோப்பாகத் தருகின்றன. ஓப்பன்-எஸ்.டி.ஏ. என்னும் நேரப் பகுப்பாய்வு மென்பொருளில் அந்தக் கோப்பைப் படிக்கும்போது, இடை மின்தேக்குத்திறனை எந்தக் காரணியால் பெருக்கவேண்டும் என்று பயனரே குறிப்பிடலாம். முதலில் 0, பிறகு 1, பிறகு 2 என்று கொடுத்து ஒரே பாதையின் தாமதம் எப்படி நகர்கிறது என்று பார்ப்பது ஒரு பிற்பகல் ஆய்வகப் பயிற்சி. ஒவ்வொரு அண்டைக் கம்பியும் எப்போது மாறும் என்ற நேரச் சாளரத்தைக் கணக்கிடும் வணிக மென்பொருளுக்கு இது ஈடாகாது. என்றாலும் நூல் இணைக்கத் தவறிய நான்காம் அத்தியாயத்தையும் ஒன்பதாம் அத்தியாயத்தையும் மாணவரின் கண்முன் இணைக்க இது போதும்.

மதிப்பீடு

ரபாயி, சந்திரகாசன், நிக்கோலிச் நூலின் வலிமை, கம்பியை வெறும் கோடாகக் கருதிவந்த வடிவமைப்பாளரிடம் கம்பியும் ஒரு சுற்று உறுப்பு என்று நிறுவியதில் உள்ளது. கம்பிக்கு இரண்டு அத்தியாயங்கள் ஒதுக்கியதே அந்த அக்கறைக்குச் சான்று. அதன் குறை, அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே பாலம் இல்லாமை. முதல் அத்தியாயம் தனிக் கம்பியின் தாமதத்தை உறுதியான எண்ணாகத் தருகிறது. பிந்தைய அத்தியாயம் அந்த எண் அண்டைக் கம்பியின் தயவில் நிற்கிறது என்கிறது. முந்தையதை மட்டும் தேர்வுக்கு வைக்கும் பாடத்திட்டம், பாதி உண்மையை முழு உண்மையாக்கிவிடுகிறது.

நூலை மாற்றத் தேவையில்லை. நான்காம் அத்தியாயத்தின் தாமதக் கணக்கை முடித்த அன்றே 9.5 பிகோபாரட்டை மீண்டும் உள்ளே கொண்டுவந்து, 31.4க்குப் பக்கத்தில் 86, 140 என்ற இரண்டு எண்களையும் பலகையில் எழுதினால் போதும். அலகு நான்கில் குறுக்குப்பேச்சு என்ற ஒரு தலைப்பைச் சேர்ப்பதற்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு வகுப்பு மணிநேரமே. அதுவரை, இந்த நூலைக் கையில் எடுக்கும் மாணவர் நான்காம் அத்தியாயம் முடிந்ததும் ஒன்பதாம் அத்தியாயத்தின் முதற்பகுதிக்குத் தாவிச்சென்று படித்துவிட்டு, பிறகு இன்வெர்ட்டருக்குத் திரும்புவது நல்லது.